தொட்டி எத்தனை லிட்டர் பிடிக்கும்? டேப் வைத்து அளந்து கணக்குப் போடும் முறை

வீட்டுச் சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) எத்தனை லிட்டர் என்று கேட்டால், கட்டும்போது கொத்தனார் சொன்ன எண்தான் பெரும்பாலும் பதிலாக வரும். அந்த எண்ணில் பாதி அளவு தண்ணீரைக்கூட மோட்டாரால் மேலே ஏற்ற முடியாத சம்புகள் ஏராளம். பெருக்கலில் யாரும் பெரிதாகத் தப்பு செய்வதில்லை. எந்த இடத்தில் டேப்பை வைத்தார்கள், எந்த அலகில் எழுதினார்கள் என்பதில்தான் எல்லாம் கோளாறாகிறது. அதனால் சூத்திரத்துக்குப் போவதற்கு முன் அலகைச் சரி செய்துகொள்வோம்.

அலகு

மனதில் நிற்க வேண்டியவை மூன்றே மூன்று. ஒரு கன மீட்டர் என்பது 1000 லிட்டர். ஒரு லிட்டர் என்பது 1000 கன சென்டிமீட்டர். ஒரு கன சென்டிமீட்டர் என்பது ஒரு மில்லிலிட்டர். தண்ணீர் வாரிய ரசீதில் வரும் கிலோ லிட்டரும் கன மீட்டரும் ஒன்றேதான். பெயர் மட்டும் வேறு.

ஆகவே வழி இரண்டு. பெரிய தொட்டி என்றால் எல்லா நீளங்களையும் மீட்டரில் எழுதிப் பெருக்கி, விடையை 1000-ஆல் பெருக்குங்கள். சிறிய பாத்திரம் என்றால் சென்டிமீட்டரில் எழுதிப் பெருக்கி, விடையை 1000-ஆல் வகுங்கள். இரண்டையும் கலக்கக் கூடாது. நீளம் 2 மீட்டர், அகலம் 1.4 மீட்டர், ஆழம் 130 சென்டிமீட்டர் என்று கிடைத்ததை அப்படியே பெருக்கினால் வரும் 364 எந்த அலகிலும் அடங்காது. ஆழத்தை 1.30 என்று மாற்றினால் 3.64 கன மீட்டர், அதாவது 3640 லிட்டர்.

மாணவர்கள் மட்டுமின்றி பொறியாளர்களும் சில சமயம் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஒரு மீட்டருக்கு 100 சென்டிமீட்டர் என்பதால் ஒரு கன மீட்டருக்கும் 100 கன சென்டிமீட்டர் என்று கை தானாக எழுதிவிடும். நீளம், அகலம், உயரம் மூன்றுமே நூறு மடங்காகின்றன. எனவே 100 × 100 × 100, பத்து லட்சம். பரப்பு என்றால் இரண்டு முறை: ஒரு சதுர மீட்டருக்கு 10,000 சதுர சென்டிமீட்டர். மில்லிமீட்டரில் வரைந்த வரைபடத்திலிருந்து கணக்கிட்டால் ஒரு லிட்டருக்குப் பத்து லட்சம் கன மில்லிமீட்டர். பூஜ்ஜியங்களை எண்ணிக்கொண்டிருப்பதைவிட, பெருக்கத் தொடங்கும் முன்பே மீட்டருக்கு மாற்றிவிடுவது பத்திரம்.

(பழைய பாடநூல்களில் ஒரு லிட்டர் என்பது 1000.028 கன சென்டிமீட்டர் என்று பார்த்துக் குழம்ப வேண்டாம். 1901 முதல் 1964 வரை ஒரு கிலோ தண்ணீர் அடைக்கும் இடமே லிட்டர் என்று வரையறுத்திருந்தார்கள். 1964-க்குப் பின் அது துல்லியமாக 1000 கன சென்டிமீட்டர்.)

அடியும் அங்குலமும்

இந்தியாவில் மெட்ரிக் முறைக்கான சட்டம் 1956-இல் வந்துவிட்டது. கட்டட வேலையில் பேச்சு இன்னும் அடியில்தான். அதை எதிர்த்துப் பயனில்லை, மாற்றத் தெரிந்தால் போதும். ஓர் அங்குலம் 2.54 சென்டிமீட்டர், ஓர் அடி 30.48 சென்டிமீட்டர். ஒரு கன அடி 28.317 லிட்டர். தோராயக் கணக்குக்கு 28.3 என்று வைத்துக்கொள்ளலாம். மணல், ஜல்லி விற்கும் ‘யூனிட்’ 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர்.

அடிக் கணக்கில் அதிகம் நடக்கும் தவறு புள்ளி வைப்பதில். 5 அடி 6 அங்குலத்தை 5.6 என்று எழுதுவார்கள். அடிக்கு 12 அங்குலம், ஆகவே அது 5.5. 5 அடி 10 அங்குலத்தை 5.10 என்று கால்குலேட்டரில் தட்டினால் நிலைமை இன்னும் மோசம். கால்குலேட்டருக்கு அது 5.1 அடி, 155 சென்டிமீட்டர். உண்மையில் அது 70 அங்குலம், 177.8 சென்டிமீட்டர். ஒரே பக்கத்தில் 22 சென்டிமீட்டர் காணாமல் போய்விடுகிறது. முழுவதையும் முதலில் அங்குலமாக்கி 2.54-ஆல் பெருக்குவதே இதற்கு மருந்து. டேப்பின் மறு விளிம்பில் சென்டிமீட்டர் இருக்கும்போது இந்த வேலையே தேவையில்லை, அதைப் படித்தால் ஆயிற்று.

சம்ப்: நீள்சதுரத் தொட்டி

சூத்திரம் எல்லோருக்கும் தெரியும்: நீளம் × அகலம் × உயரம். எந்த நீளம், எந்த உயரம் என்பதுதான் விஷயம்.

முதலில் நீளமும் அகலமும். பூச்சுக்கு உள்ளே, சுவருக்குச் சுவர் அளக்க வேண்டும். ‘எட்டுக்கு ஆறு சம்ப்’ என்று சொல்லப்படுவது பல இடங்களில் வெளி அளவு. ஒன்பது அங்குலச் சுவர் இரண்டு பக்கமும் போனால் எட்டு அடி ஆறரை அடியாகவும், ஆறு அடி நாலரை அடியாகவும் சுருங்கும். பூச்சு இன்னும் கொஞ்சம் தின்னும். மேல் மூடி வழியாக இறங்க முடியாவிட்டால், ஒரு நேரான பி.வி.சி. குழாயை உள்ளே விட்டு எதிர்ச் சுவரில் முட்டவைத்து, இந்தச் சுவரோடு சேரும் இடத்தில் குறித்துக்கொண்டு, வெளியே எடுத்து அளக்கலாம். மேலே ஓரிடம், கீழே ஓரிடம் என இரண்டு அளவு எடுத்துச் சராசரி போடுங்கள். கையால் கட்டிய சுவர்கள் இரண்டு சென்டிமீட்டர் சாய்ந்திருப்பது சகஜம். இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால், நாள்கணக்கில் மூடிக் கிடந்த சம்புக்குள் தனியாக இறங்காதீர்கள். மூடியைத் திறந்து நன்றாகக் காற்றோட்டம் விட்டு, மேலே ஓர் ஆளை நிறுத்திவிட்டு இறங்குங்கள்.

அடுத்தது உயரம். தரையிலிருந்து மேல்தளத்தின் அடி வரை அளப்பது வீண். தண்ணீர் எந்த மட்டத்துக்கு மேல் ஏறாதோ அதுவரை அளக்க வேண்டும். அது ஓவர்ஃப்ளோ குழாயின் கீழ் விளிம்பாக இருக்கும், அல்லது பால் வால்வு (தண்ணீரோடு மிதந்து ஏறி வரத்தை அடைக்கும் பந்து வால்வு) அடைத்துக்கொள்ளும் மட்டமாக இருக்கும், எது தாழ்வோ அது. தரையை ஃபுட் வால்வு (மோட்டார் தண்ணீர் இழுக்கும் குழாயின் அடிமுனை வால்வு) பக்கம் சரிவாகப் பூசியிருப்பார்கள். நான்கு மூலை, நடு என ஐந்து இடத்தில் ஆழம் பார்த்துச் சராசரி எடுத்தால் சரிவு கணக்கில் சேர்ந்துவிடும்.

மூன்றாவது, அடியில் தங்கும் தண்ணீர். ஃபுட் வால்வு தரையோடு உட்காராது. சேறு இழுக்காமலிருக்கக் கொஞ்சம் தூக்கி வைத்திருப்பார்கள். வால்வுக்கு மேலும் சில சென்டிமீட்டர் தண்ணீர் நிற்காவிட்டால் காற்று இழுக்கும், மோட்டார் வெறுமனே ஓடும். ஆகப் பதினைந்து, இருபது சென்டிமீட்டர் தண்ணீர் இருந்தும் இல்லாத கணக்குதான்.

மூன்றையும் ஒரே உதாரணத்தில் போட்டுப் பார்ப்போம். எட்டுக்கு ஆறுக்கு ஐந்து அடி என்று சொல்லப்பட்ட சம்ப். 240 கன அடி, 28.317-ஆல் பெருக்கினால் 6796 லிட்டர். பூச்சுக்குள் அளந்தால் 1.96 மீட்டர் நீளம், 1.35 மீட்டர் அகலம். தரைப்பரப்பு 2.646 சதுர மீட்டர். ஓவர்ஃப்ளோ வரை உயரம் 1.30 மீட்டர். நிரம்ப நின்றால் 3.44 கன மீட்டர், 3440 லிட்டர். அடியில் 20 சென்டிமீட்டர் கழித்தால் எடுக்கக்கூடியது 2910 லிட்டர். ‘ஏழாயிரம் லிட்டர் சம்ப்’ மூவாயிரத்துக்குக் கீழே வந்துவிட்டது. ஆறாயிரம் லிட்டர் லாரியை இந்தச் சம்புக்கு வரவழைத்தால் பாதித் தண்ணீர் தெருவில் ஓடும்.

உள்ளே தூண், நடுச்சுவர், படிக்கட்டு இருந்தால் அவற்றின் கன அளவைத் தனியாகக் கணக்கிட்டுக் கழிக்கவும், ஆனால் தண்ணீரில் மூழ்கும் உயரம் வரை மட்டும். நடுச்சுவர் வைத்த இரட்டைச் சம்புகளில் இரண்டு அறைக்கும் இடையே துளை இருக்கிறதா, அது எந்த மட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள். துளை மேலே இருந்தால் அதற்குக் கீழே நிற்கும் இரண்டாம் அறைத் தண்ணீரை ஃபுட் வால்வு தொடவே முடியாது.

சென்டிமீட்டருக்கு எத்தனை லிட்டர்

ஒவ்வொரு முறையும் முழுக் கணக்கைப் போட வேண்டியதில்லை. சுவர் நேராக நிற்கும் எந்தத் தொட்டிக்கும், சதுரமோ வட்டமோ, ஒரே ஒரு எண் போதும்: தரைப்பரப்பைச் சதுர மீட்டரில் எடுத்து 10-ஆல் பெருக்குங்கள். அது ஒரு சென்டிமீட்டர் உயரத் தண்ணீரில் எத்தனை லிட்டர் என்பது. மேலே பார்த்த சம்புக்கு 26.5. இப்போது மட்டம் 84 சென்டிமீட்டர் என்றால் 84 × 26.5 = 2226 லிட்டர். இரவில் 6 சென்டிமீட்டர் இறங்கியிருந்தால், யாரும் குழாய் திறக்காதபோது 159 லிட்டர் எங்கோ கசிந்திருக்கிறது.

இந்த எண்ணை வைத்து ஓர் அளவுகோல் செய்துவிடலாம். முக்கால் அங்குல பி.வி.சி. குழாய், சம்பின் ஆழத்தைவிட அரை அடி நீளமாக வெட்டியது, அடி முனையில் மூடி. அடியிலிருந்து சென்டிமீட்டர் கணக்கில் ரம்பத்தால் இலேசாகக் கீறிவிட்டு, ஒவ்வொரு 500 லிட்டருக்கும் ஒரு கோடு போடுங்கள். 500-ஐ 26.5-ஆல் வகுத்தால் 18.9, ஆக 18.9, 37.7, 56.6 என்று கோடுகள் விழும். மார்க்கர் மை தண்ணீரில் சில மாதத்தில் போய்விடும், கீறல் போகாது. எப்போதும் சம்பின் ஒரே இடத்தில் விட்டுப் பாருங்கள், சரிவான தரையில் இடம் மாறினால் அளவும் மாறும். குழாயின் அடியில் மூடி வைக்காவிட்டால் சேற்றில் இறங்கி ஒரு சென்டிமீட்டர், இரண்டு சென்டிமீட்டர் அதிகமாகக் காட்டும்.

லாரித் தண்ணீரைச் சரிபார்க்கவும் இதுதான் எளிய வழி. நாலு மீட்டருக்கு மூன்று மீட்டர் அடுக்குமாடிச் சம்ப் என்றால் சென்டிமீட்டருக்கு 120 லிட்டர். ஒன்பதாயிரம் லிட்டர் விட்டால் மட்டம் 75 சென்டிமீட்டர் ஏற வேண்டும். 68 தான் ஏறியது என்றால் வந்தது 8160 லிட்டர். அளக்கும் நேரத்தில் மோட்டாரை நிறுத்தி, வாரியக் குழாயையும் அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வாதத்தில் ஜெயிக்க முடியாது.

வட்டத் தொட்டி, கிணறு

பை × ஆரம் × ஆரம் × உயரம் என்று பள்ளியில் படித்தது. ஆரத்தை நேரடியாக அளக்க வழியில்லை, ஏனென்றால் நடுப்புள்ளி எங்கே என்று தெரியாது. விட்டத்தை வைத்தே கணக்கிடுங்கள்: 0.7854 × விட்டம் × விட்டம் × உயரம். மீட்டரில் அளந்து லிட்டரில் விடை வேண்டுமானால் 785 என்ற எண் போதும். 785 × விட்டம் × விட்டம் × உயரம் = லிட்டர். அடியில் அளந்தால் 785-க்குப் பதில் 22.24. ஆரம் போட வேண்டிய சூத்திரத்தில் விட்டத்தைப் போட்டால் விடை நான்கு மடங்காகும். 785 முறையில் அந்த வம்பே இல்லை. பைக்கு 22/7 போட்டாலும் குற்றமில்லை, பத்தாயிரத்துக்கு நான்குதான் வித்தியாசம். டேப் அதைவிட அதிகம் தவறும்.

விட்டத்தை அளக்க டேப்பின் ஒரு முனையை உள்விளிம்பில் பிடித்து, மறு முனையை எதிர்ப் பக்கத்தில் இடமும் வலமும் நகர்த்துங்கள். கிடைக்கும் மிகப் பெரிய அளவே விட்டம். பிறகு அதற்குக் குறுக்காக இன்னொன்று. விட்டத்தில் செய்யும் பிழை விடையில் இரட்டிப்பாகும் என்பதை நினைவில் வையுங்கள்: ஒரு மீட்டர் விட்டத்தில் 2 சென்டிமீட்டர் தவறினால் ஆயிரம் லிட்டருக்கு நாற்பது லிட்டர் வித்தியாசம். உயரத்தில் அதே அளவு தவறினால் இருபதுக்குள் முடிந்துவிடும். எனவே பொறுமையை விட்டத்தில் செலவிடுங்கள்.

மாடியில் நிற்கும் பிளாஸ்டிக் தொட்டிக்குள் டேப் விட முடியாது. வெளியே சுற்றளவு எடுங்கள். உதாரணமாக 3.42 மீட்டர். 3.1416-ஆல் வகுத்தால் வெளி விட்டம் 1.089 மீட்டர். சுவர் கனம் 6 மில்லிமீட்டர் என்றால் இரண்டு பக்கத்துக்கும் 12 கழித்து 1.077. பரப்பு 0.91 சதுர மீட்டர், சென்டிமீட்டருக்கு 9.1 லிட்டர். கழுத்து வரை 1.10 மீட்டர் என்றால் 1000 லிட்டர். விற்றவர் சொன்னது சரிதான். ஆனால் பால் வால்வு 95 சென்டிமீட்டரில் அடைத்துக்கொள்கிறது, வெளியேறும் குழாய் அடியிலிருந்து 8 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. மிச்சம் 87 சென்டிமீட்டர், ஏறத்தாழ 790 லிட்டர். தொட்டியைச் சுற்றிப் பட்டைபட்டையாகப் புடைப்பு இருந்தால் டேப்பைப் புடைப்பின் மேல் சுற்றாமல் இரண்டு புடைப்புக்கு நடுவே சுற்றுங்கள். தண்ணீர் நிரம்பிய தொட்டி கொஞ்சம் வயிறு தள்ளும், ஆகையால் பாதிக்குக் கீழே இருக்கும்போது அளப்பது நல்லது.

ஆயிரம் லிட்டர் என்பது ஒரு டன். இரண்டாவது தொட்டியை மாடியில் ஏற்றும் முன் இந்த எண்ணைக் கட்டடப் பொறியாளரிடம் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.

உறைக் கிணற்றில் கணக்கு இன்னும் சுலபம். உள் விட்டம் 1.2 மீட்டர் உறை என்றால் மீட்டருக்கு 1130 லிட்டர், ஓர் அடி உயர உறை ஒன்றுக்கு 345 லிட்டர். தண்ணீருக்குள் எத்தனை உறை என்று எண்ணினால் போதும். வயல் கிணறு 6 மீட்டர் விட்டம், 4 மீட்டர் தண்ணீர்: 785 × 36 × 4, சுமார் 1,13,000 லிட்டர். தண்ணீரின் ஆழத்தைப் பார்க்கக் கயிற்றில் கல் கட்டி விடுவார்கள். கல் தரையைத் தொட்டதும் கயிறு தளரும், அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு இழுத்து, நனைந்த நீளத்தை அளக்க வேண்டும். பருத்திக் கயிறு ஈரத்தில் நீளம் மாறும். நைலான் கயிறு எடுங்கள்.

வாளி, குடம், எண்ணெய் டின்

வாளி மேலே அகலம், கீழே குறுகல். மேல் ஆரத்தின் வர்க்கம், கீழ் ஆரத்தின் வர்க்கம், மேல் ஆரத்தையும் கீழ் ஆரத்தையும் பெருக்கியது, இந்த மூன்றையும் கூட்டி, உயரத்தாலும் பையாலும் பெருக்கி, 3-ஆல் வகுக்க வேண்டும். மேல் விட்டம் 30, கீழ் விட்டம் 22, உயரம் 28 சென்டிமீட்டர் வாளி: 225 + 121 + 165 = 511. 511 × 28 × 3.1416 ÷ 3 = 14,983 கன சென்டிமீட்டர், 15 லிட்டர். இவ்வளவு சுற்றாமல் சராசரி விட்டம் 26 என்று வைத்து நேர் உருளையாகக் கணக்கிட்டால் 14.87 லிட்டர். வித்தியாசம் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. வாளிக்கு இது போதும்.

குடத்துக்குச் சூத்திரம் தேடவே வேண்டாம், எடை போடுங்கள். காலிக் குடம், நிறை குடம், வித்தியாசம் எத்தனை கிலோவோ அத்தனை லிட்டர். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் 996 கிராம். 15 கிலோ என்று காட்டினால் உண்மையில் 15.06 லிட்டர், அந்த 60 மில்லியை யாரும் தேடப் போவதில்லை. நெளிந்த அண்டா, கல் தொட்டி, பறவைக்கு வைக்கும் கிண்ணம் என வடிவம் சொல்ல முடியாத எதற்கும் இதுவே வழி. தூக்க முடியாதது என்றால், எடை போட்டுச் சரிபார்த்த வாளியால் ஊற்றி எண்ணுங்கள்.

கிலோவும் லிட்டரும் ஒன்று என்பது தண்ணீரோடு சரி. கடலை எண்ணெய் ஒரு லிட்டர் சுமார் 910 கிராம்தான். பாக்கெட்டில் இரண்டு அளவும் அச்சிட்டிருப்பார்கள், பாருங்கள். 15 கிலோ டின்னில் 16.5 லிட்டர் இருக்கும். 15 லிட்டர் டின்னில் 13.65 கிலோதான். இரண்டு டின்னும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், விலையை ஒப்பிடும் முன் எது எழுதியிருக்கிறது என்று படியுங்கள். பால் இதற்கு நேர் எதிர்: லிட்டருக்கு 1.03 கிலோ.

படுத்த உருளை: லாரி டேங்கர், டீசல் டேங்க்

நின்ற தொட்டியில் பாதி உயரம் பாதித் தண்ணீர், கால் உயரம் கால் தண்ணீர். படுத்த உருளையில் பாதியைத் தவிர வேறெங்கும் இது பொருந்தாது. அடியும் மேலும் குறுகல், நடுவில் அகலம். விட்டத்தில் எத்தனை சதவீத உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து இந்த எண்களைப் பயன்படுத்துங்கள்:

10 சதவீத உயரம்: கொள்ளளவில் 5.2 சதவீதம்
20: 14.2
30: 25.2
40: 37.4
50: 50
60: 62.6
70: 74.8
80: 85.8
90: 94.8

பெட்ரோல் பங்கில் கோல் விட்டுப் பார்த்துவிட்டுப் பட்டியலைப் புரட்டுவது இதனால்தான். ஜெனரேட்டர் டீசல் டேங்கில் கோல் கால்வாசி நனைந்தால் கால் டேங்க் டீசல் என்று எண்ணுபவர், அது ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு என்பதை மின்சாரம் போன இரவில் தெரிந்துகொள்வார்.

தண்ணீர் லாரிகளில் பல முட்டை வடிவம். அப்போது முழுக் கொள்ளளவு 785 × அகலம் × உயரம் × நீளம். அகலம் 1.8, உயரம் 1.4, நீளம் 4.5 மீட்டர் என்றால் 8900 லிட்டர். சீரான நீள்வட்டமாக இருந்தால் மேலே உள்ள சதவீதங்கள் அப்படியே இதற்கும் பொருந்தும், வட்டத்தைப் பக்கவாட்டில் இழுத்ததுதான் நீள்வட்டம் என்பதால். மூடியைத் திறந்து பார்க்கும்போது தண்ணீர் 14 சென்டிமீட்டர் கீழே இருந்தால் குறைவது கொள்ளளவில் 5.2 சதவீதம், 460 லிட்டர். வண்டி சரிவில் நின்றால் இந்தக் கணக்குச் செல்லாது, சமதளத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். முன்பின் முகங்கள் வெளியே குவிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் கூடும்.

பண்ணைக் குட்டை

குட்டையின் கரை சரிவாக இருக்கும், மேல் அளவை ஆழத்தால் பெருக்கினால் ஏமாந்துபோவோம். மேலே 30க்கு 30 மீட்டர், ஆழம் 2 மீட்டர், கரை ஒரு மீட்டர் இறங்க ஒன்றரை மீட்டர் உள்ளே வருகிறது. அப்படியானால் அடியில் 24க்கு 24, பாதி ஆழத்தில் 27க்கு 27. மேல் பரப்பு, அடிப் பரப்பு, நடுப் பரப்பின் நான்கு மடங்கு ஆகியவற்றைக் கூட்டி 6-ஆல் வகுத்து ஆழத்தால் பெருக்குங்கள். 900 + 576 + 2916 = 4392. ஆறால் வகுத்தால் 732. இரண்டு மீட்டருக்கு 1464 கன மீட்டர், 14.64 லட்சம் லிட்டர். மேல் அளவை மட்டும் நம்பியிருந்தால் 18 லட்சம் என்று வந்திருக்கும்.

ஏக்கர் 4047 சதுர மீட்டர். 5 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் கட்ட 202 கன மீட்டர் வேண்டும். அந்தக் குட்டை ஆவியாதலும் கசிவும் இல்லாவிட்டால் ஏழு ஏக்கருக்கு ஒரு முறை பாயும். மண் குட்டையில் இரண்டும் கண்டிப்பாக உண்டு, அதற்குத் தகுந்தபடி குறைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் மேலே போனால் டி.எம்.சி. நூறு கோடி கன அடி, 2832 கோடி லிட்டர். மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி., ஏறத்தாழ 265 கோடி கன மீட்டர். நொடிக்கு ஒரு கன அடி என்பது நொடிக்கு 28.3 லிட்டர், நாள் முழுக்க நொடிக்கு 11,574 கன அடி வீதம் திறந்தால் ஒரு டி.எம்.சி. போய்விடும்.

மோட்டார், மழை, ஆர்.ஓ.

மேல்தொட்டியில் சென்டிமீட்டருக்கு 9.1 லிட்டர் என்று தெரிந்தபின் மோட்டாரின் உண்மையான வேகம் தெரியப் பத்து நிமிடம் போதும். பத்து நிமிடத்தில் 40 சென்டிமீட்டர் ஏறினால் 364 லிட்டர், நிமிடத்துக்கு 36, மணிக்கு 2.2 கன மீட்டர். பெட்டியில் எழுதியிருப்பது குறைந்த உயரத்துக்கான வேகமாக இருக்கும். மூன்று மாடி ஏற்றினால் குறைவது இயல்பு. போன ஆண்டைவிடக் குறைந்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடி 92.9 சதுர மீட்டர். 50 மில்லிமீட்டர் பெய்தால் 4645 லிட்டர். தளம் உறிஞ்சுவதும் தெறிப்பதும் போக ஐந்தில் நான்கு பங்கு கிடைத்தாலும் 3700 லிட்டர், முன்பு பார்த்த சம்ப் நிரம்பி வழியும். ஆர்.ஓ. மெம்ப்ரேனில் 75 ஜி.பி.டி. என்று இருப்பது நாளொன்றுக்கு 75 அமெரிக்க கேலன். ஒரு கேலன் 3.785 லிட்டர், ஆக 284 லிட்டர். பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர். எது என்று தெரியாமல் பெருக்காதீர்கள்.

பிளீச்சிங் பவுடர்

கொள்ளளவு தவறினால் உடலில் காட்டும் இடம் இது. லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் குளோரின் என்று சொல்வார்கள். லிட்டருக்கு ஒரு மில்லிகிராமும் கன மீட்டருக்கு ஒரு கிராமும் ஒன்றுதான், அதனால் கணக்கு எளிது. 3.44 கன மீட்டர் தண்ணீருக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்றால் 6.9 கிராம் குளோரின். புதிய பவுடரில் மூன்றில் ஒரு பங்குதான் குளோரின், எனவே 21 கிராம் பவுடர். வாய் திறந்து வைத்த பையில் வீரியம் 20 சதவீதத்துக்கு இறங்கியிருந்தால் அதே வேலைக்கு 34 கிராம் வேண்டும். கொத்தனார் சொன்ன 6796 லிட்டரை நம்பிப் புதிய பவுடரைப் போட்டால் 41 கிராம், தேவையின் இரு மடங்கு. தண்ணீர் வாயில் வைக்க முடியாதபடி நாறும்.

பவுடரை நேராகக் கொட்டாமல் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிந்த நீரை மட்டும் சம்பில் ஊற்றுங்கள். அரை மணி நேரம் விட்டுக் குளோரின் சோதனைக் கரைசலால் பாருங்கள். குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரப்படி எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். அதற்கும் கீழே காட்டினால் தண்ணீரில் அழுக்கு அதிகம், கொஞ்சம் கூட்டுங்கள். சம்பில் அப்போது எத்தனை லிட்டர் நிற்கிறது என்பதை அளவுகோல் விட்டுப் பார்த்த பிறகே பவுடரை நிறுக்கவும். முழுச் சம்புக்கான அளவைப் பாதிச் சம்பில் போடுவது இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் தவறு.